உலகம்மாள் விலக்கு

ஆகஸ்ட் 3, சனி. சங்கரன்கோவில்

இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச வேண்டியதையெல்லாம் எழுதித்தான் காட்ட வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிவிட்டார். "இப்பவே தினமும் கொஞ்சம் எழுதிப் பழகுங்கய்யா, கை ஓடட்டும்" என்றார். அதற்காக உரக்கடையில் கொடுத்த டைரியை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்தின் பெயர் இருக்கிறது. படிப்பு பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவையில். எழுத்தோ ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிப் பழகிய எழுத்து. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாலும் மேடு பள்ளம் வருகிறது.

விஷயம் இதுதான். குரல்வளையில் கட்டி. நல்ல கட்டி இல்லையாம். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இருபத்தொன்பது வருஷம் சங்கரன்கோவில் - மதுரை வண்டியில் கண்டக்டராக இருந்தவனிடம், எடுத்துக்கொள்ள வேறு உறுப்பே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புது டாக்டர் போல.

வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி உலகம்மாள் நாலு மாதமாக ஓசூரில், மகள் செல்வி வீட்டில் பேரன் நிலவனைப் பார்த்துக்கொள்கிறாள். செல்வி பிரசவ விடுப்பு முடிந்து இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் உலகு அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவாள், செல்வி வேலையை விடுவாள். எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அப்போது சொல்வதற்கு வாய் இருக்காது என்பது நேற்றுத்தான் உறைத்தது.

நல்ல வேளையாக அருளப்பன் கூப்பிட்டான். பதினோரு வருஷம் எனக்கு டிரைவராக இருந்தவன். மதுரை திருநகரில் வீடு கட்டியிருக்கிறான். அவனும் ரோஸ்லினும் மகள் பிரசவத்துக்கு மஸ்கட் போகிறார்களாம், ஒரு மாதம் வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். "ஒன்னய விட்டா யாருய்யா இருக்கா?" என்றான். உடனே சரி என்றேன். அவன் நெகிழ்ந்துபோனான். ஆஸ்பத்திரி அவன் வீட்டிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம் என்பதை நான் சொல்லவில்லை.

இனி முக்கியமான விஷயம். பீரோவைக் குடைந்து என் விசிலைக் கண்டுபிடித்துவிட்டேன். பித்தளை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். குரல் இல்லாமல் குடித்தனம் நடத்த இதைவிட என்ன வேண்டும்? ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். ஒன்று: வேண்டாம். இரண்டு: சரி. மூன்று: காப்பி. நான்கு: கண்ணாடியைக் காணோம். உலகுக்கு நாலாவதுதான் அதிகம் கேட்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள். ராஜபாளையம்

நேராக மதுரை போகாமல், வழியில் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. வேறு காரணம் இல்லை.

என் தங்கை சண்முகத்தாய் கதவைத் திறந்ததும் கேட்டாள்: "அண்ணே, இது யாரு சட்டை?"

"என் சட்டைதான் தாயி."

"அப்போ உள்ள இருக்கது யாரு?"

உடம்பைக் குறைக்கிறேன், டாக்டர் சொன்னார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, அதுவாகத்தான் குறைகிறது. சோறு இறங்கவில்லை என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு அவள் குழைய வடித்த சோற்றில் ரசம் ஊற்றி, கரண்டியால் மசித்து வைத்தாள். கேட்டதற்கு, அவள் வீட்டுக்காரருக்குப் பல்வலி என்றாள். மச்சானோ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்.

பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். அப்பா சைக்கிளை மழையில் தள்ளிக்கொண்டு வந்தது, இவள் என் பரீட்சைத் தாளில் மருதாணிக் கையை வைத்தது, நான் கண்டக்டர் வேலைக்குப் போன முதல் நாள் சொந்தத் தங்கையிடமே "டிக்கெட் எடுங்க, டிக்கெட்" என்று கேட்டது. குரல் கரகரத்தது. சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். மிச்சம் பிடித்து எங்கே கொண்டுபோவது?

கிளம்பும்போது தாயி, "அந்த ஸ்டாப்புப் பாட்டைச் சொல்லுங்கண்ணே, செல்வி புள்ளைல கேட்டுக்கிட்டே தூங்குவாள்லா" என்றாள். பாட்டு என்று ஒன்றும் இல்லை. செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது எந்தத் தாலாட்டுக்கும் மசியமாட்டாள். ஒரு நாள் அலுத்துப்போய், தொட்டிலை ஆட்டிக்கொண்டே என் ரூட்டில் உள்ள ஸ்டாப்புகளை வரிசையாகச் சொன்னேன். கரிவலம்வந்தநல்லூர், பருவக்குடி, முறம்பு... தூங்கிவிட்டாள். பிறகு ஏழு வயது வரைக்கும் அதுதான். எப்படியும் திருமங்கலம் வருவதற்குள் கண் சொருகிவிடும்.

தாயிக்காகச் சொன்னேன். ராஜபாளையம் வந்ததும் இருமல் வந்துவிட்டது. "இந்தா, எங்க ஊரு வந்துட்டுல்லா, போதும்" என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன். ஸ்ரீவில்லிபுத்தூர்

குருவையா சாரைப் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்கெல்லாம் எமன். செக்கிங் இன்ஸ்பெக்டர். அவர் வண்டியில் ஏறினால் பயணிகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். இப்போது எழுபத்தாறு வயது, மகன் வீட்டு மாடியில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதுக்கும் கத்த வேண்டும்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, முதல் கேள்வியே, "என்னய்யா கண்டக்டர், அந்த மாடு இப்பவும் குறுக்க வருதா?" என்றார்.

அது முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய கதை. நத்தம்பட்டிக்கும் அழகாபுரிக்கும் நடுவில் ஒரு விலக்கு. அதாவது, பெரிய ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்து ஊருக்குள் போகும் இடம். அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனால் காலை எட்டேகால் மணிக்கு அங்கே ஒரு பெண் நிற்பாள். பால்வாடி டீச்சர். கையில் ஒரு டிபன் தூக்கும் ஒரு குடையும். வெயிலிலும் குடையை விரிக்கமாட்டாள், மழையிலும் விரிக்கமாட்டாள். அந்தக் குடை ரிப்பேர் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் ஒரு விசில் கொடுப்பேன், வண்டி நிற்கும். தினமும். குருவையா சார் ஒரு நாள் பிடித்து மெமோ கொடுத்தார். மாடு குறுக்கே வந்ததால் நிறுத்தினேன் என்று விளக்கம் எழுதினேன். மறுவாரமும் மெமோ. மறுவாரமும் மாடு.

"தெனமும் எட்டேகாலுக்கு அதே எடத்துல, அதே மாடு" என்று சிரித்தார். "மூணாவது மெமோவைக் கிழிச்சுப் போட்டவன் யாருன்னு தெரியுமா? நான்தான்யா. அந்த மாட்டுக்கு நீ தாலி கட்டப்போறேன்னு கேள்விப்பட்டேன்."

இதை நான் உலகிடம் சொல்ல முடியாது. மாடு என்ற பகுதியை விட்டுவிட்டுச் சொன்னால் கதையில் ஒன்றும் மிஞ்சாது.

கல்யாணமான பிறகு அந்த இடத்துக்கு நானே உலகம்மாள் விலக்கு என்று பெயர் வைத்துவிட்டேன். செல்விக்குச் சொன்ன வரிசையிலும் அது உண்டு. அவள் பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பெயர் எழுதச் சொன்னபோது அதையும் எழுதி, டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட, வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுகை.

காப்பி குடித்தோம். பிறகு நான் நாற்காலியை அவருடைய வலது பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். தெருவைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில், ஆபரேஷன் தேதியைச் சொன்னேன். கட்டி, குரல்வளை, வீட்டில் சொல்லாதது, சேர்ந்தாற்போல எல்லாவற்றையும். கேட்காத காது என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தது. சொல்லி முடித்ததும் மூட்டை இறக்கினாற்போல் இருந்தது. அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

நான் கிளம்பியபோது சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். வேண்டாம் சார் என்று எவ்வளவோ சொன்னேன். வண்டி எடுக்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே.

ஆகஸ்ட் 8, வியாழன். திருநகர்

அருளப்பன் வீடு. நாளைக் காலை விமானம் என்பதால் வீடே பெட்டி மயம். ரோஸ்லின் மகளுக்கு என்று பிரசவ லேகியம் கிளறிப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தது. அருளப்பன் என்னை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினான். மோட்டார் போட்டால் இருபது நிமிஷம். கறிவேப்பிலைச் செடிக்கு மோர்த்தண்ணீர். சமையலறைக் குழாயை இடது பக்கம் திருப்பிவிட்டுத்தான் வலது பக்கம் திருப்ப வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது.

நாய் பெயர் ஸ்டெப்னி. டிப்போவில் பழைய டயருக்குள் கிடந்த குட்டியாம். அதற்கு இவன் ஒரு பழக்கம் பண்ணி வைத்திருக்கிறான். தட்டில் சோற்றை வைத்தால் தொடாது. எச்சில் ஒழுகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். "ரைட், போலாம்" என்று சொன்ன பிறகுதான் வாயை வைக்கும். ரோஸ்லின், "இருபத்தாறு வருசம் அடுத்தவக சொல்லித்தான் இவுக வண்டிய எடுத்தாக. அந்தக் கடுப்ப நாயிகிட்ட காட்டுறாக" என்றது.

சாப்பிடும்போது அருளப்பன் விசில் தொலைந்த கதையை எடுத்தான். ஒரு தீபாவளிக் கூட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் விசில் கயிறு அறுந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டது. கத்தினால் டிரைவருக்குக் கேட்காத கூட்டம். வண்டியின் தகரத்தைத் தட்டியே மதுரை வரைக்கும் ஓட்டினோம். ஒரு தட்டு நிற்க, இரண்டு தட்டு போக. "திரும்பியே பாக்கலய்யா நானு. இவன் தட்டுற தட்டுலயே கோவமா இருக்கானா சிரிக்கிறானான்னு தெரியும்" என்று ரோஸ்லினிடம் சொன்னான். இதை அது நூறாவது தடவையாகக் கேட்கிறது.

அவனிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவான். அங்கே ஒரு பிள்ளை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். "போற இடத்துல வெயிலு அதிகம், தண்ணி குடி" என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, சனி

உலகு போனில் கூப்பிட்டாள். "தொண்ட என்ன இப்படிக் கெடக்கு? பனில படுத்தியளோ?" ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் என்றேன். ஆகஸ்ட் வெயிலில் மதுரையில் என்ன பனி? பேரன் போனை வாங்கி நக்கினான்.

ஸ்டெப்னிக்கு விசில் பாடம் ஆரம்பித்துவிட்டேன். சோறு வைத்துவிட்டு, "ரைட், போலாம்" என்று வாயால் சொல்லி, கூடவே இரண்டு விசில். இருபத்திரண்டுக்குப் பிறகு வாய் இல்லாவிட்டாலும் நாய் பட்டினி கிடக்காது. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கோயில் கோயிலாகப் போகிறேன் என்று புளுகினேன். "எந்தக் கோயில்?" என்று கேட்டுவிட்டார். வாயில் வந்த நாலு ஊரைச் சொன்னேன், திசைக்கு ஒன்று.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று மத்தியானம் வெறும் விசிலுக்கே நாய் சாப்பிட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் மூன்று விசில் கொடுத்து நானே காப்பி போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். எழுத ஒன்றும் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கப்போகிற பெண்ணை நேற்றுப் பார்க்கச் சொன்னார்கள். செல்வி வயதுதான் இருக்கும். நான் பெருமையாக விசிலை எடுத்து மேசையில் வைத்து, அட்டவணையையும் விரித்துக் காட்டினேன். நாய்க்குச் சொல்லிக் கொடுத்த கதையையும் சொன்னேன். அந்தப் பெண் அட்டவணையை முழுக்கப் படித்தாள். கண்ணாடியைக் காணோம் என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு விசிலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயா, ஆபரேஷனுக்கு அப்புறம் மூச்சு கழுத்துல வைக்கிற ஓட்டை வழியாத்தான் போய் வரும். வாய்க்குக் காத்து வராது. விசில் ஊத முடியாதுங்கய்யா" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. குரல் வேறு, காற்று வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவதில் அறிவியல் பாடம் நடந்தபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தேனோ. குரலைக் கொடுத்துவிட்டு விசிலை வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள்ளே ஒரு பேரம் பேசி முடித்திருந்தேன் போல. மெழுகுவர்த்திகூட ஊதி அணைக்க முடியாதாம். சூடான காப்பியை ஊதிக் குடிக்க முடியாதாம்.

இன்னொன்றும் சொன்னாள். கழுத்து ஓட்டையில் வைக்கிற குழாயை எப்படிச் சுத்தம் செய்வது என்று வீட்டு ஆள் ஒருவர் முன்கூட்டியே வந்து கற்றுக்கொள்ள வேண்டும், ஆபரேஷனுக்குக் கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். "வீட்ல யாரு வர்றாங்க?" என்றாள். வருவார்கள் என்றேன்.

விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்துவிட்டேன். நான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மைக்கில் பேசினார்கள். யார் யாருக்கோ எவ்வளவு குரல்.

சோறு வைத்துவிட்டு விசிலை எடுக்காமல் நின்றேன். ஸ்டெப்னி என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். அருளப்பன் சொன்ன தீபாவளிக் கூட்டம் ஞாபகம் வந்தது. வாசல் கிரில் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். நாய் காதைத் தூக்கியது. வாயால் ஒரு தடவை "ரைட், போலாம்" சொல்லி, மறுபடியும் தட்டினேன். சாயங்காலம் வெறும் தட்டுக்கே சாப்பிட்டது. கெட்டிக்கார நாய். நான்கு நாள் விசில் பாடத்துக்காக அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

செல்வியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து காலை ஒன்பது மணிக்கு எண்ணைப் போட்டேன். எடுத்தவுடன், "அப்பா, ஆபீஸ்ல எனக்குப் புது டீம் குடுத்துருக்காங்க" என்றாள். அரை மணி நேரம் அதையே கேட்டேன். வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு யோசனை. பேரன் ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறான் என்று உலகு சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஸ்டாப்புகளைப் போனில் பதிந்து அனுப்பினால் என்ன? நாளைக்கு நாளை என்று தள்ளினால் நாள் இல்லை. ஜன்னலைச் சாத்தி, மோட்டாரை நிறுத்தி, ஸ்டெப்னியை வெளியே கட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து தடவை இருமலில் கெட்டது. ஆறாவது தடவை சரியாக வந்தது. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், பருவக்குடி, முறம்பு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், நத்தம்பட்டி, உலகம்மாள் விலக்கு, அழகாபுரி, கல்லுப்பட்டி, ஆலம்பட்டி, திருமங்கலம், கப்பலூர், திருநகர், மதுரை. ஒவ்வொன்றிலும் ஆள் இறங்கி ஏற நேரம் விட்டுச் சொன்னேன். கரகரப்பு இருந்தது, ஆனாலும் நம் குரல்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் அனுப்பினேன். "நிலவனைத் தூங்க வைக்க" என்று கீழே எழுதினேன். உலகு ஒரு கும்பிடும் சிரிப்புப் படமும் அனுப்பினாள். காரியம் சுலபமாக முடிந்தது என்று நினைத்து, கறிவேப்பிலைக்கு மோர்த்தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் செல்வி கூப்பிட்டாள்.

"அப்பா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லையேம்மா."

"நீங்க என்னைக்குமே மதுரை வரைக்கும் சொன்னது இல்லப்பா. திருமங்கலத்துலயே நான் தூங்கிருவேன், நீங்க அங்கயே நிறுத்திருவீங்க. இதுல மட்டும் ஏன் கடைசி ஸ்டாப் வரைக்கும் சொல்லிருக்கீங்க?"

இருபத்தொன்பது வருஷத்தில் எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் என்னை இப்படிப் பிடித்தது கிடையாது. மாடு குறுக்கே வந்தது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

சொன்னேன்.

செல்வி முழுதும் கேட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கையெழுத்து யாருகிட்ட வாங்கலாம்னு இருந்தீங்க? நாய்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை ஐந்தரை மணிக்கு வாசலில் ஆட்டோ. செல்வி, தோளில் நிலவன், பின்னால் இரண்டு பைகளோடு உலகு. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை வருகிறாராம். செல்வி மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டாள். "வேலை போகாதாம்மா?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் போகாதுப்பா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்" என்றாள். நான் கேட்கவே இல்லை என்பது உண்மைதான்.

உலகு பைகளை வாசலிலேயே போட்டாள். என்னைத் தாண்டிப் போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்தாள். வலது பக்கம் திருப்பிவிட்டாள் போல, தலையோடு நனைந்தாள். நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐஸ்கிரீமாம்ல, ஐஸ்கிரீம்" என்றாள். அவ்வளவுதான் திட்டு. இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம். பதில் சொல்ல எனக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் உலகுக்கும் செல்விக்கும் குழாய் சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுத்தாள். உலகு பால்வாடியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மூக்கு சிந்திவிட்டவள். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். செல்வி கையெழுத்துப் போட்டாள். போடும் முன்பு எல்லாப் பக்கத்தையும் படித்தாள். நான் படிக்காமல் தலையாட்டியவற்றையும்.

சாயங்காலம் குருவையா சார் போன் செய்தார். அவருக்குப் போனில் கேட்காது என்பதால் அவர் மட்டும் பேசினார். "வியாழக்கெழமை எத்தன மணிக்குய்யா?" என்றார். எந்த வியாழக்கிழமை என்று கேட்க வந்து, கேட்கவில்லை. அவருக்கு எந்தக் காது கேட்காது என்பதை நான்தான் மாற்றி ஞாபகம் வைத்திருந்தேனா, இல்லை முப்பத்துநாலு வருஷமாகவே எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

நாள் முழுக்கப் பேசினேன். யார் யாருக்கு என்ன பேசினேன் என்று எழுதப்போவதில்லை. எழுத இனிமேல் நிறைய நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 28, புதன். ஆஸ்பத்திரி

எழுத்து பழையபடி பஸ்ஸில் எழுதியது போல.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்று பரவாயில்லை. கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். சாப்பாடு மூக்குக் குழாயில் போகிறது. கழுத்தில் மூச்சு வந்து போவது, பஸ் பிரேக் பிடிக்கும்போது காற்று விடுமே, அந்தச் சத்தம். ஊருக்குப் போனதும் டிப்போ பக்கம் நடமாடக்கூடாது. யாராவது வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக என்ன வார்த்தை பேசுவது என்று அன்று காலை பலமாக யோசித்து வைத்திருந்தேன். உலகிடம் ஒன்று, செல்வியிடம் ஒன்று. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆனால் தியேட்டருக்குள் நர்ஸம்மா, "பல்செட் ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். "இல்லம்மா" என்றேன். ஆகக் கடைசி வார்த்தை அதுதான்.

அருளப்பனுக்கு மஸ்கட்டில் பேத்தி. தாயும் பிள்ளையும் நலம் என்று தெரிந்த பிறகுதான் செல்வி அவனிடம் என் விஷயத்தைச் சொன்னாளாம். இரண்டு நிமிஷம் என்னைத் திட்டிவிட்டு, நாய் சாப்பிடுகிறதா என்று கேட்டிருக்கிறான். கிரில்லைத் தட்டினால் சாப்பிடுகிறது என்று இவள் சொல்ல, போனை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டானாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மத்தியானம். நேற்றும் முந்தாநாளும் சரியாகத் தூக்கம் இல்லை, குழாய் உறுத்துகிறது. உலகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்வி அறைக்குள் வந்தாள். பேரனை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"கண்ண மூடுங்கப்பா" என்றாள். மூடினேன். சொல்ல ஆரம்பித்தாள். சங்கரன்கோவில். கரிவலம்வந்தநல்லூர். பருவக்குடி. முறம்பு. என்னைப் போலவே ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இடைவெளி விட்டுத்தான் சொன்னாள். ராஜபாளையத்தில் தாயி மசித்து வைத்த ரசஞ்சோறு ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் குருவையா சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிருஷ்ணன்கோவில். நத்தம்பட்டி. அழகாபுரி.

கட்டில் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினேன்.

செல்வி நிறுத்தினாள். "என்னப்பா, வலிக்குதா?"

மறுபடியும் ஒரு தட்டு. அவளுக்குப் புரியவில்லை. நர்ஸைக் கூப்பிட எழுந்தேவிட்டாள். என் காலைப் பிடித்திருந்த கை நின்றது.

"ஏட்டி" என்றாள் உலகு. "என்னைய ஏத்தாமப் போறே."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வந்து உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பின்னால் போய் நத்தம்பட்டியிலிருந்து எடுத்தாள். "நத்தம்பட்டி. உலகம்மாள் விலக்கு."

அங்கே நின்றாள். உலகு என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏற வேண்டிய ஆள் ஏறியாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. இரண்டு தட்டுத் தட்டினேன்.

அழகாபுரி, கல்லுப்பட்டி, ஆலம்பட்டி என்று போனாள். திருமங்கலம் வரைக்கும் கேட்டேன். அதற்கப்புறம் தெரியாது. இப்போதுதான் விழித்து, உலகிடம் பேனா வாங்கி இதை எழுதுகிறேன். மதுரை வரவில்லை என்று செல்வி சொல்கிறாள். அங்கேயே நிறுத்திவிட்டாளாம்.